வளவுக்குள் வாழும் தனித்தேனீக்கள்

பிலிமத்தலாவையைச் சூழ்ந்த கிராமங்களில் நான் விவசாயப் போதனாசிரியனாக உத்தியோகம் பார்த்த காலத்தில், தேனீ என்று வாயெடுத்தால் எங்கள் பகுதி மக்களின் ஞாபகத்துக்கு வருவன இரண்டே வகைகள்தாம்: ஒன்று, பெட்டியிலோ மரப்பொந்திலோ அடைவைத்துத் தேன் தருவது, மற்றது, பாறைச் சரிவிலும் நெடுமரக் கிளையிலும் தொங்கும் பெருங்கூட்டிலிருந்து கலைந்து வந்து, தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களைத் துரத்தித் துரத்திக் கொட்டுவது. முன்னதை விரும்பினார்கள், பின்னதற்கு அஞ்சினார்கள். இவ்விரண்டுக்கும் புறம்பாக, ராணியுமின்றி வேலைக்காரிகளுமின்றி, அடையும் கட்டாது தேனும் சேமியாது, ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வீடு அமைத்து, தானே இரைதேடி, தன் மக்களுக்கு மட்டும் உணவு வைத்துவிட்டு மடிந்துபோகும் தனித்தேனீக்கள் தங்கள் வளவுக்குள்ளேயே, மிளகுக் கொடிக்கும் கராம்பு மரத்துக்கும் இடையில், பரம்பரை பரம்பரையாகக் குடியிருப்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. உத்தியோகப் பயிற்சியில் எனக்கும் எவரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. தேனீ வளர்ப்பு என்ற பாடம் தேன்பெட்டியோடு ஆரம்பித்துத் தேன்பெட்டியோடு முடிந்தது.

என்னை இவ்வழியில் திருப்பியது ஹந்தெஸ்ஸைப் பக்கத்துக் கொடித்தோடைப் பந்தல் ஒன்று. மஞ்சட் பழம் தரும் இனம். வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து நட்ட இரண்டு கொடிகள். செழித்த இலை, நிறைந்த பூ, ஆனால் காய் மட்டும் இல்லை. வளவுக்கு உரிமையுடைய முஸ்லிம் மூதாட்டி என்னைப் பந்தலடிக்கு அழைத்துச் சென்று, உதிர்ந்து கிடந்த பூக்களைக் காட்டினார்.

"பூவுக்கு ஒரு குறையுமில்ல மகன். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு விரியுது, மஃரிபுக்குப் பொறகு வாடிக் கொட்டுண்டு போகுது. காய்தான் புடிக்குதில்ல. உரம் ஏதும் போடோணுமா?"

"உரத்தால வந்த குறை இல்ல உம்மா. இந்தப் பந்தலுக்குக் கருவண்டு வாறதா?"

"முந்தி வந்திச்சு. மாட்டுப்பட்டி வளையெல்லாத்தையும் ஓட்டை போட்டுப் பாழாக்கிப்போட்டுது. போன வருஷம் சின்னவன் அந்த மரத்தையெல்லாம் கழட்டி எரிச்சுப்போட்டு இரும்புக் குழாய் நட்டான்."

விடை அவருடைய வாயிலேயே வந்துவிட்டது. கொடித்தோடைப் பூவில் தேன் அடிக்கிண்ணத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மகரந்தப் பைகள் கீழ்நோக்கிக் கவிந்து நிற்கின்றன. அவற்றுக்கும் மேலே சூல்முடிகள். பெட்டித் தேனீ போன்ற சிறிய பூச்சி இப்பூவில் இறங்கினால், அதன் முதுகு எட்டாத உயரத்தில் அந்த உறுப்புகள் இருந்துவிடுவதால், மகரந்தத்தை வாரிக்கொண்டு போகுமேயன்றிக் கருக்கட்டலுக்கு உதவாது. பருத்த உடலுடைய கருவண்டு தேனுக்காகத் தலையைக் கவிழ்க்கும்போதுதான் அதன் முதுகு மேலே உரசி, ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் அப்புகிறது. மஞ்சட் பழ இனமோ தன் மகரந்தத்தால் தான் கருக்கொள்ளாத சுபாவமுடையது. அடுத்த கொடியின் மகரந்தம் அதற்கு இன்றியமையாதது. பிரேசில் தேசத்துப் பெருந்தோட்டங்களில் கருவண்டு குறைந்துபோன இடங்களில் இந்த வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துக் கையினால் செய்விக்கிறார்கள். அந்தப் பருவத்துக்கு நானும் அதையே சொன்னேன்: உச்சிவேளைக்குப் பின் ஒரு கொடியின் மகரந்தத்தை விரல் நுனியில் எடுத்து மறுகொடியின் பூவில் தடவும்படி காட்டிக்கொடுத்தேன், காய் பிடித்தது. பின்னர், உளுக்காத காய்ந்த மாங்கட்டைகளை மழைபடாத தாழ்வாரத்தின் கீழ் கிடையாகக் கட்டுவித்தோம். அடுத்த வறட்சிக் காலத்தில் கருவண்டு அவற்றைக் கண்டுகொண்டது.

கருவண்டு என்று நாம் சொல்வது வண்டன்று. சைலோகோப்பா என்னும் சாதியைச் சேர்ந்த தேனீ. மரத்தைக் குடைந்து அதற்குள் அறை அறையாகத் தடுத்துக் குஞ்சு வளர்ப்பது. அதன் வீட்டை எரித்ததன் பலன் கொடித்தோடைப் பந்தலில் தெரிந்தது. அப்படியானால் கத்தரிக்கும் பூசணிக்கும் பாகலுக்கும் ஏலத்துக்கும் உழைக்கின்ற பிற தேனீக்கள் எவை, அவற்றின் வீடுகள் எங்கே என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை. இன்னதென்று பிரித்தறியாமல் அதன் இருப்பிடத்தைத் தேட முடியாது. ஆகவே இனங்காணும் வித்தையை முதலில் கற்றாக வேண்டியிருந்தது.

பேராதனையில் பூச்சிச் சேகரம் ஒன்றைப் பல்லாண்டு பராமரித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அப்போது பிலிமத்தலாவைப் புகையிரத நிலையத்துக்குச் சமீபமாகக் குடியிருந்தார். அவரிடம் நான் சென்றது பெயர் கேட்பதற்காக. ஒரு தீப்பெட்டியில் நான் கொண்டுபோன பூச்சியை அவர் கையில் வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் கைவில்லையால் நெடுநேரம் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் என்னிடமே திருப்பித் தந்தார்.

"தம்பி, பேரைப் பிறகு கேளும். மகரந்தச் சுமையை எங்கே வைத்திருக்கிறது என்று முதலில் பாரும். வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகாத பெண் தேனீ இல்லை. கொண்டுபோகாவிட்டால் அது வேறொருத்தி வீட்டில் முட்டையிடுகிறவள்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, பூக்களின் முன்னால் குந்தியிருந்து, எத்தனையோ விஷயங்களைப் பிரித்துக்கொள்ள முடிந்தது. பெட்டித் தேனீ மகரந்தத்தைத் தேனில் பிசைந்து, பின்காலின் பளபளப்பான குழியில் ஈர உருண்டையாகச் சுமக்கிறது. தனித்தேனீக்களில் பலவும் அதனை உலர்ந்த தூளாகவே, பின்கால்களில் அடர்ந்த மயிர்த் தூரிகையில் ஏற்றிக்கொள்கின்றன. ஆகையால் அவற்றின் கால்கள் பொடியில் தோய்ந்து பருத்துத் தோன்றும். இலைவெட்டித் தேனீயின் குடும்பத்தார் காலில் அல்ல, வயிற்றின் அடிப்புறத்தில் சுமப்பவர்கள். பூவிலிருந்து எழும்போது அவர்களுடைய அடிவயிறு மஞ்சளாக மின்னும். ஹைலேயஸ் என்னும் மிகச் சிறிய, முகத்தில் வெளிர்மஞ்சள் அடையாளமுள்ள கருநிறத் தேனீ, சுமக்கும் மயிரே இல்லாதது. மகரந்தத்தை விழுங்கி இரைப்பையில் கொண்டுபோய் வீட்டில் கக்குகிறது. சுமையே இல்லாமல், பூவில் தேன் மட்டும் குடித்துவிட்டு, மண்கரைகளையும் மரத்துளைகளையும் தாழப் பறந்து நோட்டமிடுகின்ற பெண் தேனீ எதுவோ அது குயில் தேனீ. வேறொருத்தி வீட்டில் முட்டையிடுகிறவள் என்று பெரியவர் சொன்னது அதைத்தான்.

தேனீயையும் குளவியையும் வேறுபடுத்துவதற்குக் கைவில்லை போதாது. பெரியவரின் வீட்டு நுணுக்குக்காட்டியில் தேனீயின் நெஞ்சு மயிரை முதன்முதல் கண்டபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை. வெறுங்கண்ணுக்கு வழவழப்பான ரோமமாகத் தோன்றியது, அங்கே ஒவ்வொன்றும் இருபுறமும் கிளைவிட்டு நின்றது. அந்தக் கிளைகளுக்கிடையில் மகரந்த மணிகள் சிக்கியிருந்தன. குளவியின் மயிர் கிளைப்பதில்லை. அதன்பின் உணர்கொம்பின் கணுக்களை எண்ணப் பழக்கினார்: பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதின்மூன்று. அதன்பின் சிறகின் நரம்புகள். முன்சிறகின் மேல்விளிம்பை ஒட்டிய சிற்றறைகள் இரண்டா மூன்றா என்று பார்க்க வேண்டும். இலைவெட்டிகளுக்கு இரண்டு, நீலப்பட்டைத் தேனீக்கு மூன்று. சிறகின் அடிப்பாகத்து நரம்பு ஒன்று நேராக ஓடாமல் நன்கு வளைந்திருந்தால் அது பெரும்பாலும் ஹலிக்டிடே குடும்பம். உலகில் தேனீக் குடும்பங்கள் ஏழு. அவற்றுள் நான்கே நம் தீவுக்கு உரியவை என்பதால் கற்பவனுக்குப் பாரம் குறைவு. குடும்பத்தைக் காண்பது சில வாரப் பழக்கம். சாதியைக் காண்பது சில வருஷப் பழக்கம். இனத்தைக் காண்பதற்கு ஆயுள் வேண்டும், ஏனெனில் சிறிய ஹலிக்டிட்களில் பலவற்றை, ஆணின் புணர்ச்சி உறுப்பை ஊசிமுனையால் வெளியே இழுத்துப் பார்த்தாலன்றிப் பிரித்தறிய இயலாது.

நூல் துணை அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. பெரியவரிடம் இருந்தது பிங்ஹாம் எழுதி 1897 இல் லண்டனில் அச்சான தடித்த புத்தகத்தின் பிரதி. பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்களைப் பற்றிய வரிசையில் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் உரியது. பிங்ஹாம் இராணுவ உத்தியோகத்தர். பர்மாவில் வனபரிபாலனத்தில் இருந்தவர். இந்தியா, பர்மாவோடு இலங்கைத் தேனீக்களையும் அந்த நூலில் சேர்த்திருக்கிறார். அவருடைய வர்ணனைகள் நிதானமும் நுட்பமும் வாய்ந்தவை. ஆயினும் அவர் அந்தோபோரா என்று சொன்ன நீலப்பட்டைத் தேனீ இன்று அமெகில்லா. இப்படிப் பெயர்கள் பலவும் இடம் மாறிவிட்டபடியால் ஒவ்வொரு பெயரையும் இன்றைய பெயரோடு பொருத்திப் பார்க்கும் பிரயாசை கற்பவனையே சார்ந்தது. 1970களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக் கார்ல் குரொம்பைன் தலைமையில் இலங்கைப் பூச்சிகளைப் பெரும் அளவில் சேகரித்து ஆராய்ந்தார்கள். குரொம்பைனுடைய விசேஷப் பற்றோ குளவிகளின்மீது இருந்தது.

தேனீக்களுக்கென்று நம் நாட்டிலேயே, நம் ஊருக்கு மிகவும் அருகிலேயே, முறையான வேலை நடந்தது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில்தான். இனோகா கருணாரத்ன, எதிரிசிங்க ஆகிய இருவரும் பெல்ஜியத்து நிபுணர் அலன் போலியோடு சேர்ந்து 2006 இல் வெளியிட்ட பட்டியலில் இலங்கைக்கு 148 தேனீ இனங்கள் கணக்கிடப்பட்டன. அவற்றுள் பெரிய அடைகட்டிக் கூட்டமாக வாழ்வன விரல்விட்டு எண்ணத்தக்கவை; ஏனையவற்றில் மிகப்பெரும்பாலானவை தனித்தோ சிறு குடும்பமாகவோ வாழ்வன. 2008 இல் அந்த இருவரும் பொதுவாகக் காணப்படும் தேனீக்களை இனங்காண்பதற்கான திறவுகோலையும் வெளியிட்டார்கள். இதுவா அதுவா என்று இரண்டிரண்டாகக் கேட்டு, விடையின்படி அடுத்த கேள்விக்கு அனுப்பி, கடைசியில் பெயரிடம் கொண்டுபோய் நிறுத்தும் அத்தகைய திறவுகோல், நமது தேனீக்களையே கொண்டு, நமது தேவைக்கென்றே எழுதப்பட்டது எத்தகைய உபகாரம் என்பதை, பிங்ஹாமோடு மன்றாடிய ஒருவன்தான் முழுமையாக உணர முடியும்.

பெயர் தெரிந்த பின்னரே எனக்கு வீடுகள் தெரியலாயின. கடலாதெனிய விகாரைக்குப் போகும் பாதையில், அதாவது கணேசுவராசாரி என்னும் தென்னிந்திய ஸ்தபதி 1344 இல் கட்டிய அந்தக் கற்கோவிலை நோக்கிப் போகும் வழியில், வீதிக்காக வெட்டிய செம்மண் கரை ஒன்று உண்டு. மார்கழி மழை ஓய்ந்து தை மாத வெயில் ஏறும்போது அந்தக் கரையில் பென்சில் பருமனுள்ள துளைகள் தோன்றும். ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு நீலப்பட்டைத் தேனீயின் வீடு. அயல்வீட்டுக்காரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒருத்தியின் வாசலுக்குள் மற்றொருத்தி நுழைவதில்லை; கூட்டாக வேலை செய்வதுமில்லை. பெண் தேனீ முன்காலால் மண்ணைப் பறித்துப் பின்னே தள்ளிச் சுரங்கம் அமைத்து, அதன் கடைசியில் குடுவை வடிவில் ஓர் அறையைக் குடைந்து, தன் வயிற்றுச் சுரப்பியிலிருந்து கசியும் மெழுகுத் தன்மையான பொருளை உட்சுவரில் பூசி, ஈரம் ஊறாதபடி அதனைக் காப்பிட்டு, மகரந்தமும் தேனும் கலந்த கூழை அதனுள் வைத்து, அதன்மேல் ஒரேயொரு முட்டையை இட்டு, மண்ணால் வாயை அடைத்துவிடுகிறது. பின்னர் அடுத்த அறை. பிறக்கப்போகும் பிள்ளையைத் தாய் காண்பதில்லை. பிள்ளை தாயை அறிவதில்லை. அது வளர்வதற்கு வேண்டிய உணவு முழுவதும் பிறக்கும் முன்னரே அளந்து வைக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கரையின் முன்னால் நின்றுதான் நான் குயில் தேனீயையும் அறிந்தேன். தைரியஸ் என்பது அதன் சாதிப் பெயர். கருத்த உடலில் நீலப் புள்ளிகள் பதித்த அழகான பூச்சி. வாசலருகே ஒரு மண்கட்டியில் அசையாமல் இருந்து, வீட்டுக்காரி மகரந்தம் தேடிப் புறப்பட்ட கணத்தில் உள்ளே நுழைந்து, அவள் வைத்த கூழில் தன் முட்டையையும் சேர்த்துவிட்டு வெளிவருகிறது. பொழுது சாயும் வேளையில் அதே கரைக்கு மேலிருந்த காய்ந்த புல்தண்டில் நீலப்பட்டையின் ஆண்கள் வரிசையாக வந்து, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, இரவெல்லாம் அப்படியே உறங்குவதைக் காணலாம். ஆண்களுக்கு வீடு கிடையாது. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், அந்தத் தண்டை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்ப்பவன் வயிற்றின் பட்டைகளையும் முகத்தின் அடையாளங்களையும் அவசரமின்றி ஆராயலாம். இனங்காணக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது. ஒரு பூச்சியையும் கொல்ல வேண்டியதுமில்லை.

கத்தரித் தோட்டத்தில் கற்றது வேறு விதம். கத்தரிப் பூவின் மகரந்தப் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை; நுனியில் இரண்டு சிறு துவாரங்கள் மட்டும் உண்டு; உள்ளே மகரந்தம் அடைபட்டுக் கிடக்கிறது. அதை வெளிப்படுத்தத் தெரிந்த தேனீ பூவில் இறங்கி, அந்த மஞ்சட் கூம்பைக் கால்களாலும் தாடையாலும் இறுகப் பற்றி, உடலை அதன்மேல் வளைத்து, சிறகுகளை விரிக்காமலே பறப்பதற்குரிய தசைகளை மட்டும் அதிரவிடுகிறது. அந்தக் கணத்தில் அதன் ஒலி பறக்கும்போது எழுவதைவிட உயர்ந்த சுருதியில், அறுத்தறுத்துக் கேட்கும். துவாரங்களிலிருந்து மகரந்தம் புகையாகச் சீறி அதன் வயிற்றில் படியும். இந்த வித்தை பெட்டித் தேனீக்குத் தெரியாது. ஐரோப்பாவில், இதே வித்தை வேண்டிய கண்ணாடி வீட்டுத் தக்காளிக்காகப் பம்பிள் தேனீயைப் பெட்டியில் வளர்த்து விற்கிறார்கள். நம் தீவில் பம்பிள் தேனீ இல்லை. அவுஸ்திரேலியர் அதே காரியத்துக்கு நீலப்பட்டைத் தேனீயைப் பழக்கலாமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கோ அது வளவில் தானாக வந்து, கூலியின்றி உழைக்கிறது. அதற்குத் துணையாக, வயிற்றில் முத்துப்பச்சை வரிகள் ஒளிரும் ஹொப்லோநோமியா என்ற ஹலிக்டிட் தேனீயும் வருகிறது. பேராதனையில், கத்தரி இனத்துத் திப்பட்டுச் செடியைக் கொண்டு இத்தகைய தேனீக்களின் திறமையைச் சோதித்து 2012 இல் எழுதியிருக்கிறார்கள். அக்கட்டுரையை வாசித்தபின், கத்தரிக்குக் கிருமிநாசினி அடிக்க வேண்டிவந்தால் பூ விரிந்திருக்கும் காலை வேளையில் அடிக்கலாகாது, மாலையில் தேனீக்கள் போனபின் அடியுங்கள் என்ற என் வழக்கமான உபதேசத்துக்குப் பலமான ஆதாரம் கிடைத்தது.

இறையியற் கல்லூரிப் பக்கத்தில் ரோசாச் செடிகளைப் பிள்ளைகளாக வளர்த்த ஓர் ஆசிரியை, இலைகளின் ஓரமெல்லாம் வட்டம் வட்டமாக அறுபட்டிருக்கிறது, என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டு எனக்கு ஆளனுப்பினார். நான் போன நேரம் அதிர்ஷ்டமாக அறுக்கிறவளே வந்தாள். இலையின் விளிம்பில் இருபுறமும் கால்போட்டு நின்று, தாடையைக் கத்தரிக்கோலாக நடத்தி, தான் நிற்கும் துண்டையே சுற்றி அறுத்துக்கொண்டு வந்து, கடைசி நரம்பு அறுபடும் தறுவாயில் சிறகை அடித்து, துண்டோடு விழாமல் துண்டோடு பறந்தாள். எல்லாம் ஒரு சில நொடிகளில் முடிந்தது. "மிஸ், இது நோய் அல்ல. இந்த இலைத்துண்டு ஒரு தொட்டிலுக்குப் போகிறது" என்றேன். நீள்வட்டத் துண்டுகள் சுவருக்கு. முழுவட்டத் துண்டுகள் மூடிக்கு. அவர் வீட்டுச் சன்னலடியில் கிடந்த மூங்கிற் குழாயைப் பிளந்து பார்த்தபோது, இலைகளால் சுற்றிய அறைகள் யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் போல நெடுக அடுக்கப்பட்டிருந்தன. ஆழத்து அறைகளில் பெண் முட்டைகளும், வாயிலுக்கு அருகே ஆண் முட்டைகளுமாக வைப்பது இந்தக் கூட்டத்தாரின் வழக்கம். கருவுற்ற முட்டை பெண்ணாகவும் கருவுறாத முட்டை ஆணாகவும் பிறப்பதால், எந்த அறையில் எது என்பதைத் தாயே தீர்மானிக்கிறாள். ஆண்கள் முன்னதாக வளர்ந்து வெளியேறி வழிவிடுகிறார்கள். அந்த ஆசிரியை மருந்தடிக்கவில்லை; மறுவருஷம் குழாய்களைக் கட்டாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்.

காட்டுச் சூரியகாந்தியின் காய்ந்த தண்டில் வாழ்பவை இன்னும் சிறியவை. தண்டு ஒடிந்து அல்லது வெட்டுப்பட்டு, உள்ளே இருக்கும் மென்சோறு வெளித்தெரிந்தால்தான் அவற்றால் நுழைய முடியும். நகத்தால் அத்தகைய தண்டைப் பிளந்தால், செராட்டினா அந்தச் சோற்றுத் துகளாலேயே தடுப்புப் போட்டு அறைகள் வகுத்திருப்பதைக் காணலாம். பிரவுன்சாப்பிஸ் தடுப்பே போடுவதில்லை. எல்லாப் புழுக்களும் ஒரே குழலில் ஒன்றாகக் கிடக்க, தாய் உயிரோடிருந்து வேளைக்கு வேளை மகரந்தம் கொண்டுவந்து ஊட்டுகிறது. தனித்து வாழ்வதற்கும் கூடி வாழ்வதற்கும் இடைப்பட்ட படிகளை ஏட்டில் படிப்பதைவிட, ஒரு வேலியோரத்துச் சுள்ளியில் பார்ப்பது எனக்கு அதிக ஞானத்தைத் தந்தது.

சேகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய இனங்களுக்கு நிழற்படம் போதாது. பிடித்து, எதைல் அசிற்றேற்று விட்ட போத்தலில் இட்டு, நெஞ்சின் வலப்புறத்தில் ஊசியேற்றி வைத்தாக வேண்டும். கண்டிப் பகுதியின் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்; ஆகவே அலுமாரிக்குள் மின்குமிழ் எரிய வேண்டும்; எறும்புக்காக மேசைக்கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும். பிடித்த இடம், உயரம், தேதி, இருந்த பூ, பிடித்தவர் பெயர் என்னும் இத்தனையும் எழுதிய சிறு சீட்டு அந்த ஊசியிலேயே இருக்க வேண்டும். சீட்டில்லாமல் ஊசியேற்றிய தேனீயால் எவருக்கும் பிரயோசனமில்லை. அந்த உயிரை எடுப்பதற்கு நமக்குப் பாத்தியமும் இல்லை. பெரியவர் இதில் மிகவும் கண்டிப்பானவர், நானும் அப்படியே.

வறுமைப்பட்ட காலத்தில் நம் வளவுகள் இந்தத் தேனீக்களுக்கு வசதியாகவே இருந்தன என்பது என் அபிப்பிராயம். களிமண் சுவரும் மரவளையும் உயிர்வேலியும் பெருக்கிய முற்றமும் இருந்த வீட்டில் நால்வகைத் தேனீக்கும் இடமிருந்தது. விளக்குமாற்றால் பெருக்கிய வெறுமண் முற்றம் மண்ணில் குடியிருக்கும் ஹலிக்டிட்களுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. இப்போது முற்றத்துக்கு இன்டர்லொக் கல், மண்மேட்டுக்குக் கொங்கிரீட்டு, வேலிக்கு மதில், களைக்கு மருந்து. மண்சரிவுக்கு அஞ்சி மேட்டைக் கட்டுவதை எவரும் குறைசொல்ல முடியாது. கடுகண்ணாவைச் சரிவுகளைக் கண்டவர்கள் அதன் அவசியத்தை அறிவார்கள். ஆனால் அவசியமில்லாத இடத்திலும் மண்ணை மூடிவிட்டு, பின்னர் காய் பிடிக்கவில்லை என்று உரம் கேட்டு வருகிறார்கள்.

ஆதலால் இதை வாசிக்கும் வீட்டுக்காரர்களிடம், குறிப்பாகச் சித்திரைப் புத்தாண்டுக்கு வளவைத் துப்புரவாக்க ஆயத்தப்படுகிறவர்களிடம், நான் கேட்டுக்கொள்வது இதுவே. வெயில்படும் ஒரு சரிவில் ஒரு பாய் அகலத்துக்காவது மண்ணைக் கல்லிடாமலும் களைநாசினி அடியாமலும் விட்டுவையுங்கள். காட்டுச் சூரியகாந்தியை அடியோடு அறுத்துக் கொளுத்தாமல், முழங்கால் உயரத்துக்குத் தண்டை நிற்கவிட்டு வெட்டி, மறுவருஷம் வரையில் அதைத் தொடாதீர்கள். கருவண்டு துளைத்த வளையை மாற்றத்தான் வேண்டுமென்றால், பழைய மரத்தை அடுப்புக்கு அனுப்பாமல் மழைபடாத ஓரிடத்தில் கட்டிவையுங்கள்.